அவிசெப்ரானும் பூதமங்கலத்துப் பிக்குவும்

1

இலக்கியக் கூட்டங்களின் டீ இடைவேளையில் தவறாமல் வருகிற ஒரு கேள்வி உண்டு. தமிழுக்கென்று தத்துவம் இருக்கிறதா? ஒருத்தர் சைவ சித்தாந்தம் என்பார். இன்னொருத்தர் அதன் வேர் சமஸ்கிருத ஆகமத்தில் இருக்கிறது என்பார். மூன்றாமவர் திருக்குறளைச் சொல்வார், நாலாமவர் மணிமேகலையை இழுப்பார். டீ ஆறிப்போகும். கேள்வி அப்படியே இருக்கும்.

ஏறக்குறைய இதே கேள்வியை 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் யூத இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்களுக்கு வேதம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, உரைக்கு மேல் உரையாக ஆயிரம் ஆண்டுகள் எழுதிக் குவித்த நூல்கள் இருக்கின்றன. ஆனா பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்று சொல்கிறோமே, அந்தப் பொருளில் தத்துவம் இருக்கிறதா? அவர்கள் கேள்வியைக் கூட்டத்தோடு விடவில்லை. சுவடி நூலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். யூதத் தத்துவ வரலாறு என்ற கல்வித்துறை அப்படித்தான் உருவானது. இன்று ஜெருசலேமிலிருந்து அமெரிக்கா வரைக்கும் பல்கலைக்கழகங்களில் அதற்கு இருக்கைகள் இருக்கின்றன.

நான் நீடாமங்கலத்துப் பக்கத்து ஆள். எனக்கு அந்தத் துறையின் கதையில் ஆர்வம் வரக் காரணம், எங்கள் பக்கத்தில் எழுதப்பட்டு எங்களுக்கே தெரியாமல் போன சில தத்துவ நூல்கள். அங்கே போவதற்கு முன் பெர்லினையும் பாரிஸையும் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

2

1819-இல் ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ‘ஹெப் ஹெப்’ கலவரம் என்று அதைச் சொல்வார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பெர்லினில் சில யூத இளைஞர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். யூதப் பண்பாட்டை அறிவியல் முறைப்படி ஆராய்வது நோக்கம். எடுவார்ட் கான்ஸ், லியோபோல்ட் சுன்ஸ் போன்றவர்கள் தொடங்கினார்கள். கவிஞர் ஹைனெ பின்னால் வந்து சேர்ந்தார்.

அப்போது பெர்லின் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஹெகல். கான்ஸ் அவருக்கு நெருங்கிய மாணவர். ஹெகலின் தத்துவ வரலாற்றில் இந்தியாவும் சீனாவும் உண்மையான வரலாறு தொடங்குவதற்கு முந்தைய முன்னுரை மாதிரிதான் வரும். இடைக்கால யூதச் சிந்தனையாளர்களுக்குக் கிடைத்தது அரபுத் தத்துவத்தின் ஓரத்தில் சில பக்கங்கள். ஒரே வகுப்பறையில் நாமும் அவர்களும் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறோம்.

வாசலுக்கு வெளியே என்பது வெறும் உவமை இல்லை. கான்ஸ் சட்டத்துறையில் பேராசிரியராக விரும்பினார். யூதர்களுக்குப் பல்கலைக்கழகப் பதவி கிடையாது என்று பிரஷ்ய அரசு 1822-இல் கதவைச் சாத்தியது. கான்ஸ் 1825-இல் கிறிஸ்தவரானார். பேராசிரியர் பதவி வந்தது. ஹைனெயும் அதே ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார். சங்கம் அதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. சுன்ஸ் மட்டும் மதம் மாறாமல் வேலையைத் தொடர்ந்தார். 1848-இல், யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஓர் இருக்கை வேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். இத்துறையின் முதல் தலைமுறை முழுக்கச் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள்.

3

அவர்களில் ஒருவர் சாலமன் முங்க். 1803-இல் சைலீசியாவில் பிறந்தவர். பிரஷ்யாவில் தனக்கு எதிர்காலம் இல்லை என்று தெரிந்ததும் 1828-இல் பாரிஸுக்குப் போனார். அங்குள்ள அரசு நூலகத்தின் கீழைச் சுவடிப் பிரிவில் வேலை கிடைத்தது. ஹீப்ரு, அரபு, சமஸ்கிருதம் எல்லாம் கற்றவர்.

முங்க் காலத்தில் ஐரோப்பியத் தத்துவ வரலாற்றில் ஒரு மர்ம மனிதர் இருந்தார். பெயர் அவிசெப்ரான். அவர் எழுதிய ‘வாழ்வின் ஊற்று’ என்ற நூல் 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் அரபியிலிருந்து லத்தீனுக்கு வந்தது. ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்கிற வடிவம். கடவுளைத் தவிர எல்லாமே பொருளும் வடிவமும் சேர்ந்து ஆனவை என்பது அதன் மையவாதம். உடம்புக்கு மட்டுமில்லை, ஆன்மாவுக்கும் தேவதூதர்களுக்கும்கூட ஒருவகைப் பொருள் உண்டு என்றது. பிரான்சிஸ்கன் துறவிகளில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். தாமஸ் அக்வினாஸ் அவிசெப்ரானின் பெயரைச் சொல்லியே மறுத்தார். நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்தது. ஆனா இந்த அவிசெப்ரான் யார்? சிலர் முஸ்லிம் என்றார்கள், சிலர் கிறிஸ்தவர் என்றார்கள். நூலைப் படித்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பைபிளிலிருந்தோ குர்ஆனிலிருந்தோ ஒரு மேற்கோள்கூட அதில் இல்லை.

பாரிஸ் நூலகத்தின் ஹீப்ருச் சுவடிகளில் முங்க் ஒரு சிறு தொகுப்பைக் கண்டார். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷெம் டோவ் இப்னு ஃபலக்கேரா என்ற யூத அறிஞர், ஓர் அரபு நூலிலிருந்து தனக்கு வேண்டிய பகுதிகளைப் பொறுக்கி ஹீப்ருவில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். மூலநூலின் ஆசிரியர் சாலமோன் இப்னு கபிரோல் என்று அதில் எழுதியிருந்தது. முங்க் அதையும் லத்தீன் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். இரண்டும் ஒன்று. 1846-இல் அறிவித்தார்: அவிசெப்ரான் என்பவர் இப்னு கபிரோல்தான்.

இப்னு கபிரோல் பெயர் தெரியாத ஆள் கிடையாது. 11-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் மலாகாவில் பிறந்த பெரிய ஹீப்ருக் கவிஞர். அவர் பாடல்களை யூதர்கள் வழிபாட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய தத்துவ நூலைக் கிறிஸ்தவத் துறவிகள் படித்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே மனிதரின் இரண்டு பாதிகள் இரண்டு சமூகங்களிடம், ஒன்றுக்கொன்று தெரியாமல், சுமார் 600 ஆண்டுகள் கிடந்தன.

எங்கள் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்ற இடம் இருக்கிறது. வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரியும். மன்னார்குடியில் நின்று பாமணியாற்றை மட்டும் பார்க்கிறவருக்குத் தலைப்பு தெரியாது. கபிரோலின் நூலுக்கு நேர்ந்ததும் அதுதான். அரபு மூலம் சில துண்டுகள் தவிரத் தொலைந்துவிட்டது. லத்தீனில் ஒரு கால், ஹீப்ருவில் ஒரு கால். இரண்டு கரையிலும் நடக்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை இவை ஒரே தண்ணீர் என்று யாருக்கும் படவில்லை.

முங்கின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மைமோனிடிஸ் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ‘குழம்பியோருக்கு வழிகாட்டி’ யூதத் தத்துவத்தின் தலையாய நூல். அதன் மொழி அரபு, எழுத்து ஹீப்ரு. அந்த மூலத்தைச் சுவடிகளிலிருந்து பதிப்பிப்பது முங்கின் கனவு. அதற்குள் 1850 வாக்கில் கண்பார்வை போய்விட்டது. பார்வையில்லாமலே, பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மூலத்தையும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் 1856-க்கும் 1866-க்கும் இடையில் 3 தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1864-இல் பாரிஸின் புகழ்பெற்ற கொலேஜ் டி பிரான்ஸில் பேராசிரியரானார். 1867-இல் இறந்தார்.

4

‘இவர் எங்கள் ஆள்’ என்று முங்க் நிறுவியதில் யூதர்களுக்குப் பெருமைதான். ஆனா அந்தப் பெருமைக்குள் ஒரு முள் இருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட நூலில் யூதச் சமயத்தின் அடையாளமே இல்லையே! யூதர் எழுதினார் என்பதால் மட்டும் அது யூதத் தத்துவம் ஆகிவிடுமா? துறை வளர வளர இந்த முள்ளும் ஆழமாகப் போனது.

மோரிட்ஸ் ஷ்டைன்ஷ்னைடர் 1893-இல், இடைக்காலத்து ஹீப்ரு மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நூல் வெளியிட்டார். யார் எதை எந்த மொழியிலிருந்து கொண்டுவந்தார், எந்தச் சுவடி எந்த நூலகத்தில் இருக்கிறது என்கிற மாபெரும் கணக்கு. அதைப் புரட்டுகிறவருக்கு ஒன்று விளங்கும். யூதத் தத்துவம் என்று சொல்லப்படுவதன் பெரும்பகுதி கிரேக்கத்திலிருந்து சிரியாக் மொழி வழியாக அரபுக்கு வந்து, அரபியிலிருந்து ஹீப்ருவுக்குப் போனது. தனிச்சொத்து தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது கொடுக்கல் வாங்கல் பேரேடு.

யூலியஸ் குட்மன் இதை ஒளிக்காமல் சொன்னார். யூதர்கள் தாமாகத் தத்துவம் செய்யத் தொடங்கவில்லை, வெளியிலிருந்து வந்த தத்துவத்தை எதிர்கொண்டபோதுதான் தங்கள் சமயத்தைப் பற்றித் தத்துவமாக யோசித்தார்கள் என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய ‘யூத மதத்தின் தத்துவம்’ ஜெர்மனியில் வெளிவந்த ஆண்டு 1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டு. அடுத்த ஆண்டு குட்மன் ஜெருசலேம் போய்விட்டார். அவர் பாடம் நடத்திய பெர்லின் உயர்கல்விக் கூடத்தை நாஜிகள் 1942-இல் மூடினார்கள். 1935-இல் லியோ ஸ்ட்ராஸ் என்ற இளைஞர் குட்மனை மறுத்து ஒரு நூல் எழுதினார். தத்துவமும் வேதச்சட்டமும் அவ்வளவு சுலபமாக ஒன்றாகிவிடாது, மைமோனிடிஸ் அந்த இழுபறியை வரிகளுக்கு நடுவில் மறைத்து எழுதியிருக்கிறார் என்ற பார்வையை அவர் பின்னால் விரித்தெடுத்தார். ஊர் எரிகிறபோது இவர்கள் 12-ஆம் நூற்றாண்டு நூலை எப்படி வாசிப்பது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. தங்களை யார் என்று வெளியார் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், அதைத் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளேயிருந்தும் விமர்சனம் வந்தது. யூத மறைஞானத்தை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம் 1944-இல் எழுதிய ஒரு கட்டுரையில் முந்தைய தலைமுறையைக் கடுமையாகச் சாடினார். செத்த மரபுக்கு மரியாதையான இறுதிச்சடங்கு நடத்துவது மாதிரி ஆராய்ச்சி செய்தார்கள், பகுத்தறிவுக்கு ஒத்துவராததையெல்லாம் ஒதுக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. ‘தமிழர் தத்துவம்’ என்று பட்டியல் போடும்போது நமக்குக் கூச்சம் தருகிறவற்றை விட்டுவிடுகிறோம்.

5

இந்த யூத நூல்களில் இந்தியா வருகிறது. எப்படி வருகிறது என்பதுதான் சுவாரசியம்.

அரபு மொழியில் எழுதப்பட்ட இறையியல் நூல்களில் ‘பராஹிமா’ என்று ஒரு கூட்டம் வரும். பிராமணர் என்ற சொல்லின் அரபு வடிவம். இறைத்தூதர்கள் தேவையில்லை, மனித அறிவே போதும் என்று வாதாடுகிறவர்களாக அவர்களைக் காட்டுவார்கள். 10-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் சாதியா காவோனின் நூலிலும் இந்தப் பெயர் உண்டு. வேதமே பிரமாணம் என்று மீமாம்சை படித்த காவிரிக்கரை அக்ரஹாரத்தில் போய், ‘உங்கள் ஆட்கள் அறிவே போதும் என்கிறார்களாமே’ என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். இந்த பராஹிமா நிஜமாகவே இந்தியர்களா, வாதத்துக்காக நிறுத்தி வைத்த பொம்மைகளா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். யூதா ஹலெவி 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘குஸாரி’யில் ஓர் அரசன் கேட்கிறான்: இந்தியர்கள் தங்கள் கட்டடங்களுக்கு லட்சக்கணக்கான ஆண்டு வயது சொல்கிறார்களே, உங்கள் வேதம் சொல்லும் உலகத்தின் வயது என்னாவது? அந்த வாதத்தில் இந்தியா ஒரு தலைவலி.

மைமோனிடிஸுக்கோ இந்தியா சொந்தத் துக்கம். அவர் தம்பி டேவிட் கடல் வணிகர். செங்கடல் துறைமுகமான அய்தாபிலிருந்து, நான் இந்தியாவுக்குப் போகிறேன் என்று அண்ணனுக்கு எழுதிய கடிதம், கெய்ரோ யூதக் கோயிலின் பழைய தாள் குவியலிலிருந்து கிடைத்திருக்கிறது. டேவிட் இந்தியக் கடலில் மூழ்கிப்போனார். குடும்பத்தின் பணமும் பிறர் கொடுத்த பணமும் அவரோடு போயின. மைமோனிடிஸ் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்ததாகப் பின்னால் எழுதியிருக்கிறார். அதன்பின் மருத்துவமே குடும்பத்துக்குச் சோறு போட்டது. ‘வழிகாட்டி’யை அவர் எழுதியது நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்துக் களைத்த வாழ்க்கைக்கு நடுவில்.

அந்த ‘வழிகாட்டி’யை 1963-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ஷ்லோமோ பினேஸ். இவர் 1936-இல் இஸ்லாமிய அணுக்கொள்கை பற்றி எழுதிய நூலிலேயே இந்திய அணுவாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு இந்தியத் தத்துவ அறிஞர் துவியா கெல்ப்ளமோடு சேர்ந்து, அல்-பிரூனி அரபியில் எழுதிய பதஞ்சலி யோகசூத்திர விளக்கத்தை 1966 முதல் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்டார். யூதத் தத்துவத்தின் மூலத்தைத் தேடிய கை பதஞ்சலி வரைக்கும் நீண்டது. எந்த வேலியையும் வேலி என்று ஒப்புக்கொள்ளாத படிப்பு அது.

6

சரி, நீடாமங்கலத்துக்கு வருவோம்.

முங்க் செய்த வேலைக்கு இணையான ஒன்று காவிரிக்கரையிலும் நடந்திருக்கிறது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் கையில் மணிமேகலைச் சுவடி இருந்தது. சொற்கள் தமிழ்தான், பொருள் பிடிபடவில்லை. எந்தச் சமயத்து நூல் என்பதே தெளிவாகவில்லை. உடன் வேலைபார்த்த மளூர் ரங்காசாரியார் இது பௌத்தம் என்று அடையாளம் காட்டி, ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தக் கருத்துகளை எடுத்துச் சொன்னார். 1898-இல் மணிமேகலை பௌத்தக் குறிப்புகளோடு அச்சேறியது. பிற சமயத் தத்துவங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எடைபோடும் ஒரு காதையும், தருக்கவியல் சொல்லும் ஒரு காதையும் அதில் இருக்கின்றன. பூம்புகாரில் தொடங்கும் அந்தக் காப்பியத்தின் பொருளைப் புரிந்துகொள்ள, ஐரோப்பியர் எழுதிய பௌத்த நூல்கள் கும்பகோணத்துக்கு வரவேண்டியிருந்தது. குண்டலகேசிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பிறர் மேற்கோள் காட்டிய 19 பாடல்கள்தான் மிச்சம். அதன் வாதங்கள் என்ன என்பது அதை மறுக்க எழுந்த நீலகேசி வழியாகத்தான் தெரிகிறது. ஃபலக்கேரா மாதிரி ஒருவர் அக்கறையோடு பொறுக்கி வைத்ததால் கபிரோல் திரும்பக் கிடைத்தார். நமக்குக் குண்டலகேசி எதிராளியின் வாய்வழியாகக் கிடைத்திருக்கிறது.

இவையாவது தமிழ் நூல்கள். தமிழில் எழுதாதவர்கள்?

புத்ததத்தர் என்று ஒரு பிக்கு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்தவர். உரகபுரத்துக்காரர், அதாவது உறையூர் என்று சொல்வார்கள். பாலி மொழியில் எழுதினார். ‘அபிதம்மாவதாரம்’ என்ற நூலைக் காவிரிப்பட்டினத்து விகாரத்தில் இருந்து எழுதினார். மனம் என்பது என்ன, அது கணத்துக்குக் கணம் எப்படித் தோன்றி மறைகிறது, பொருள் என்பது என்ன என்று பௌத்த உளவியலை ஒழுங்குபடுத்திச் சொல்லும் நூல். பிக்குகளின் ஒழுக்கவிதிகளைச் செய்யுளில் தொகுத்த ‘வினயவினிச்சயம்’ நூலின் முடிவுரையில் தான் எழுதிய இடத்தைச் சொல்கிறார். சோழநாடு, ஊர் பூதமங்கலம், வேணுதாசர் என்பவர் கட்டிய விகாரம், களப்பிர குலத்து அச்சுதன் ஆட்சி. வாழையும் பனையும் கரும்பும் தென்னையும் அடர்ந்த ஊர், தாமரையும் அல்லியும் மூடிய குளங்கள், காவிரித் தண்ணீர் பாய்ந்து தூய்மையான மண் என்று ஊரை வர்ணிக்கிறார்.

இன்றைக்கும் கூத்தாநல்லூர் பக்கம் பூதமங்கலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. நீடாமங்கலத்திலிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும், பக்கம்தான். அதுவே இது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. களப்பிரர் காலம் இருண்ட காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த இருட்டில் உட்கார்ந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தேதி குறிக்கிற மாதிரி அரசன் பெயரையும் போட்டுவைத்திருக்கிறார்.

அவர் நூல்களைக் காப்பாற்றியது இலங்கையும் பர்மாவும். பர்மாவில் அபிதம்மம் கற்கத் தொடங்குகிறவர்களுக்கான சிறு கையேடுகளில் ‘அபிதம்மாவதார’மும் ஒன்று. 1881-இல் லண்டனில் தொடங்கிய பாலி நூல் கழகம் அவற்றை 1915-லும் 1928-லும் அச்சிட்டது. பதிப்பாசிரியர் இலங்கைப் பிக்கு. அவர் பெயரும் புத்ததத்தர்.

சோழநாட்டிலோ சுவடு ஒவ்வொன்றாக அழிந்தது. நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரத்தின் எச்சமாக நின்ற கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. பாரிஸில் முங்க் இறந்த அதே ஆண்டு. வயலோரத்திலும் குளக்கரையிலும் தனியாக உட்கார்ந்திருக்கும் புத்தர் சிலைகளை டெல்டாக்காரர்கள் பார்த்திருப்பார்கள். சில ஊர்களில் அவற்றுக்கு வேறு பெயர் வைத்துப் படையலும் நடக்கிறது.

7

இப்போது புத்ததத்தரை ‘எங்கள் ஊர்த் தத்துவவாதி’ என்று சொல்லிக்கொள்ளலாமா? சொல்ல ஆசைதான். நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு பேனர் வைக்கலாம். ஆனா யூதத் தத்துவத் துறை 200 ஆண்டுகளாகப் பட்ட பாடு அந்த ஆசைக்கு ஒரு விலை சொல்கிறது. கபிரோலை ‘எங்கள் ஆள்’ என்று சொல்ல முங்குக்கு மூன்று மொழி தேவைப்பட்டது. சொன்ன பிறகும், அந்த நூலை யூதத் தத்துவம் என்று கூப்பிடுவது சரியா என்ற கேள்வி மூடப்படவில்லை. அந்தக் கேள்வியை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பக் கேட்டதால்தான் சுவடிகள் தேடப்பட்டன, மொழிகள் கற்கப்பட்டன, பதிப்புகள் வந்தன.

நாம் டீ இடைவேளையில் கேட்கிற கேள்வியில் தமிழ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். பாலியில் எழுதிய சோழநாட்டுப் பிக்கு அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் வரமாட்டார். சைவ சித்தாந்தத்தைச் சொல்கிறவருக்கு அவர் புறச்சமயம். தமிழ் மட்டும் போதும் என்கிறவருக்கு அவர் வேற்றுமொழி. சமஸ்கிருதம்தான் எல்லாம் என்கிறவருக்கும் அவர் வெளியாள். மைமோனிடிஸ் அரபியில் எழுதியதால் யூதர்களுக்கு அந்நியராகிவிடவில்லை. அரபு கற்றுக்கொண்டுபோய் அவரை வாசித்தார்கள். பாலி ஒன்றும் அரபை விடக் கடினமில்லை. எழுத்தைப் பற்றிக் கவலைகூட வேண்டாம், எந்த எழுத்திலும் எழுதலாம்.

கும்பகோணத்திலோ திருவாரூரிலோ மன்னார்குடியிலோ நாலு பேர் வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து பாலி இலக்கணம் படிக்கத் தொடங்கினால், சில வருடங்களில் பூதமங்கலத்து முடிவுரைக்கு வந்துவிடலாம். சுன்ஸ் மாதிரி வேறு வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். வாழை, பனை, கரும்பு, தென்னை, குளத்தில் தாமரை என்று அவர் அடுக்குகிற சொற்களை டெல்டாப் பிள்ளைகளுக்கு யாரும் படம் போட்டு விளக்க வேண்டியிருக்காது. அதற்கு அடுத்தபடியாக, மனம் எப்படித் தோன்றி மறைகிறது என்று அவர் காவிரிப்பட்டினத்தில் எழுதியதைப் படிக்கலாம். தமிழுக்கென்று தத்துவம் உண்டா என்ற விவாதத்தை அப்புறம் தொடரலாம். அப்போது பேச விஷயமும் கூடுதலாக இருக்கும்.